ராத்திரி மாத்திரை

லேப் கவர்தானே அது? ஏறினதிலிருந்து பார்க்கிறேன். பையில் வைக்கிறீர்கள், எடுக்கிறீர்கள், பிரிக்கிறீர்கள், மறுபடி மடித்து வைக்கிறீர்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் நம்பர் இறங்கிவிடாது. தைராய்டுதானே?

எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? இந்தச் சித்திரை வெயிலில், ரயில் பெட்டியே வெந்துகொண்டிருக்கும்போது, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்து முறைத்துவிட்டு முந்தானையால் காதை மூடிக்கொண்டீர்களே, அப்போதே தெரிந்துவிட்டது. போன வருஷம் நானும் இப்படித்தான் இருந்தேன். சொல்கிறேன், கேளுங்கள். நீங்களும் கோயம்புத்தூர்தானே, நேரம் இருக்கிறது. ஆனால் கேட்டுவிட்டு நியாயம் சொல்ல வேண்டும். இது வெறும் வியாதிக் கதை இல்லை. என் மருமகள் என்னைத் தன் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொன்ன கதை.

என் பெயர் சௌந்தரவல்லி. கும்பகோணம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். ட்ரங்க் கால் காலத்திலிருந்து. குரல்தான் எனக்குச் சோறு போட்டது. குரல் என்றால் வெறும் குரல் இல்லை, பதில். எந்த மிராசுதார் போனில் கத்தினாலும் சரி, அவர் மூச்சு வாங்குவதற்குள் என் பதில் அவர் காதுக்குப் போயிருக்கும். ரிடையர் ஆன பிறகும் தெருவில் என்னிடம் வாய் கொடுக்க ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக் கோமதி மட்டும் கொடுப்பாள். கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போவாள்.

அந்தக் கோமதிதான் போன சித்திரையில் ஒரு நாள் குழாயடியில் நின்று, "என்ன சௌந்தரம், பென்ஷன் முழுக்க வயித்துக்குத்தான் போவுதா? இப்படி ஊதியிருக்கியே!" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நம்புவீர்களா? லைன் டெட். குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பதில் மறுநாள் வந்தது, கத்தரிக்காய் நறுக்கும்போது. அருமையான பதில். விட மனசில்லாமல் அவள் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க வீட்டுக்காரர் சம்பளம் உன் வயித்துக்குப் போவலேன்னுதானே எரிச்சல்?" என்றேன். கோமதி விழித்தாள். "என்னத்தைடி கேக்கறே?" என்றாள். அவளுக்குக் கேள்வியே ஞாபகம் இல்லை. ஒரு பதில் வீணாய்ப் போவதைப்போல ஒரு துக்கம் உண்டா, சொல்லுங்கள்.

எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். மற்றவர்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. பாபு டெய்லர் துணியைத் திருடி ரவிக்கையை இறுக்கித் தைக்க ஆரம்பித்திருந்தான். அவனோடு சண்டை. ஷாம்பு கம்பெனிக்காரன் ஏதோ கலப்படம் செய்து என் முடியெல்லாம் சீப்போடு வந்தது. வீட்டு ஃபேன், பதினைந்து வருஷமாக ஒழுங்காக ஓடின ஃபேன், திடீரென்று குளிராக அடித்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, காற்று ஏன் இவ்வளவு குளிர்கிறது என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். மத்தியானம் படுத்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழுந்திருப்பேன். குரலும் போய்விட்டது. போனில் பேசினால் என் மகன் பிரகாசம், "யார் சார் பேசறது?" என்று கேட்டான்.

அப்புறம் ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். பால் வற்றி, பாத்திரம் கருகி, புகை கோமதி வீட்டு ஜன்னல் வரைக்கும் போயிருக்கிறது. அவள் சுவரேறிக் குதித்து வந்து அடுப்பை அணைத்தாள். அதோடு விட்டாளா? கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். பிரகாசம் மறுநாளே வந்து என்னை டாக்டர் நசீமாவிடம் கூட்டிப்போனான். ரத்தம் எடுத்தார்கள். நாற்பத்தாறு.

உங்களுடையது எவ்வளவு? இருக்கட்டும், அப்புறம் சொல்லுங்கள்.

நாலரைக்குள் இருக்க வேண்டியது நாற்பத்தாறு. நான் முதலில் சந்தோஷப்பட்டேன். நிறைய இருந்தால் நல்லதுதானே என்று. டாக்டர் சிரித்துவிட்டு, "இது தலைகீழ்க் கணக்கும்மா. உங்க கழுத்துல இருக்கற சுரப்பி சோம்பிப் போச்சு. வேலை செய் வேலை செய்னு மேலேர்ந்து அதைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. அந்தக் கூப்பாடுதான் இந்த நம்பர்" என்றார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சில் பார்த்ததுதானே? எடுக்கிற வீட்டில் மணி இரண்டு தடவை அடிக்கும். எடுக்காத வீட்டில் அடித்துக்கொண்டே இருக்கும். என் கழுத்தில் ஒருத்தி போனை எடுக்காமல் தூங்குகிறாள். ரவிக்கை, முடி, ஃபேன், கோமதிக்குச் சொல்லாமல் விட்ட பதில் எல்லாம் அவள் வேலை.

பாபு டெய்லரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்கிறீர்களா? எதற்கு? அவன் துணி திருடுகிறவன்தான். அது வேறு விஷயம்.

மாத்திரை கொடுத்தார் டாக்டர். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. நான் ஒரு காரியத்தை எடுத்தால் இம்மி பிசகாது. விடிந்ததும் பல் தேய்த்து, டிகாக்ஷன் இறங்கி, பால் பொங்கி, டபராவில் ஆற்றி, அந்த முதல் வாய்க் காபியோடு மாத்திரை உள்ளே போய்விடும். அப்புறம் ஒரு மணி நேரம் பச்சைத் தண்ணீர் தொட மாட்டேன். இட்லி வெந்து கிடந்தாலும் மணி பார்த்துத்தான் தட்டை எடுப்பேன். ஒரு நாள் தவறினது கிடையாது.

என்ன? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? ஏதோ சொல்ல வந்தீர்களே? காபியா? காபி எப்படியம்மா சாப்பாட்டில் சேரும்? கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் காபியில்தான் விரதம் இருந்திருக்கிறேன். முருகனே ஒன்றும் சொல்லவில்லை, மாத்திரை சொல்லப்போகிறதா? அதோடு, என் வீட்டுக்காரர் போன பிறகு காலையில் என்னோடு பேசுவது அந்த டபரா ஒன்றுதான். இருங்கள், கதையை விட்டுவிடுவேன். இப்போதெல்லாம் விடுவதில்லை, ஆனாலும்.

ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம். நாற்பத்திரண்டு. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மறுபடி ரத்தம். நாற்பது. மறுபடி கூட்டினார். நானோ முன்னைப்போலவே குளிரில் நடுங்கிக்கொண்டு, எருமைபோல் தூங்கிக்கொண்டு இருந்தேன். மார்கழியில் மூன்றாம் தடவை பார்த்தபோது முப்பத்தெட்டு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அம்மா, மாத்திரையை ஒழுங்காப் போடறீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? முப்பது வருஷத்தில் ஒரு ராங் நம்பர் கொடுத்ததில்லை நான். "ஒரு நாள் தவறலை டாக்டர்" என்றேன். அவர் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற பிரகாசம் அதைவிட நம்பவில்லை. வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்து மாத்திரையை எண்ணிப் பார்த்தான். சரியாக இருந்தது. சரியாக இருந்ததும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

"நிஜத்தைச் சொல்லும்மா. மாத்திரையை நீ போட்டுக்கறியா, இல்ல செடிக்குப் போடறியா?"

மறுநாள் காலையில்தான் பதில் வந்தது. செடிக்குப் போட்டிருந்தால் அதற்காவது அறிவு வளர்ந்திருக்கும், உனக்கு என்ன கேடு என்று. அதற்குள் அவன் முடிவு சொல்லிவிட்டான். "பால் பாத்திரம் கருகினது ஒண்ணு. மாத்திரையைப் போட மறந்துட்டுப் போட்டேன்னு சொல்றது ரெண்டு. இனிமே தனியா இருக்க முடியாதும்மா. தை பொறந்ததும் கோயம்புத்தூர் வந்துடு. வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்."

வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம்! எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான். நானும் அவன் அப்பாவும் ஆபீஸ் லோன் போட்டு, பூச்சுக்குப் பணம் இல்லாமல் ஒரு மழைக்காலம் முழுக்கச் செங்கல் சுவரோடு குடியிருந்து கட்டின வீடு. என் வீட்டுக் கதவை யாராவது தட்டினால் நான் போய்த் திறப்பேன். திறக்காமலும் இருப்பேன், என் இஷ்டம். அவன் இருக்கிறது எட்டாவது மாடி. எனக்கு ஒதுக்கின அறையில் ஜன்னலைத் திறந்தால் எதிர் ஃபிளாட்டின் பாத்திரம் தேய்க்கிற இடம். அங்கே கதவைத் தட்டினால் அவர்களுக்காகத் தட்டுவார்கள். நான் ஹாலில் உட்கார்ந்து, யார் வந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறவளாக இருப்பேன். எனக்குப் போக விருப்பமில்லை. துளிக்கூட இல்லை. ஆனால் என்ன வாதம் பண்ணுவேன்? பதில்தான் ஒரு நாள் தாமதமாக வருகிறதே.

இப்போது மருமகள் வருகிறாள். பூங்கோதை. கோயம்புத்தூர்ப் பெண். காலேஜில் கணக்கு வாத்தியார். வாய்க்கு வாய் 'ங்க' போடுவாள், திட்டினால்கூட மரியாதையாக இருக்கும். என்னோடு சண்டை போட்டதில்லை. அதனாலேயே அவள் எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. "நான் போய் அத்தையைக் கூட்டிட்டு வரேனுங்க" என்று பொங்கல் லீவில் வந்து இறங்கினாள். மூட்டை கட்ட. நல்லவேளை, பழைய பாத்திரக்காரனையும் கையோடு கூட்டி வரவில்லை.

வந்த மறுநாள் விடியற்காலை. நான் சமையல்கட்டில் காபி ஆற்றிக்கொண்டிருக்கிறேன். இவள் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து நின்றாள். நான் மாத்திரையை எடுத்து, அவளுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி நாக்கில் வைத்து, ஒரு வாய் காபி விட்டு முழுங்கி, வாயைத் திறந்தும் காட்டினேன். போய்ச் சொல்லட்டும் புருஷனிடம் என்று.

"அத்தை, தினமும் இப்படித்தானுங்களா போடுவீங்க?"

"பின்னே? உன் வீட்டுக்காரன் சொல்ற மாதிரி செடிக்கா போடறேன்?"

"காபியோடயேங்களா?"

"வெறும் வயித்துல போடச் சொன்னாங்க, போடறேன். கசப்புக்குக் கசப்பு, சுகமா இறங்குது."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் முகத்தில் என்னவோ ஓடியது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள். மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் பேச்சு வரவில்லை. அப்போது கோபம் இல்லாவிட்டாலும் வருவதில்லை. கடைசியில் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க அத்தை, எனக்கும் ஒரு டம்ளர் ஊத்துங்க" என்றாள். வெட்கமே இல்லை.

குடித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் யாருக்கோ போன். நான் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. எக்ஸ்சேஞ்ச் பழக்கம், காது தானாகப் போகிறது. முதலில் டாக்டரிடம் பேசினாள், அது மெதுவாக. அப்புறம் பிரகாசத்திடம். அது நன்றாகக் கேட்டது.

"இல்லீங்க, இப்ப வேண்டாம். அவங்க இங்கயே இருக்கட்டும்... நான் பாத்துட்டேனுங்க, அவங்க கரெக்டாத்தான் போடறாங்க... ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு... மாத்திரைதான் சரியில்லை, வேற மாத்தறோம். இன்னொரு ஆறு வாரம் பாப்போம்... அதை எதுக்குக் கேக்கறீங்க? நான் சொல்ல மாட்டேன். நீங்க அவங்களை ஓட்டுவீங்க. விடுங்க."

கேட்டீர்களா? மூட்டை கட்ட வந்தவள், ஒரே ஒரு விடியற்காலை என்னைப் பார்த்தாள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடுதாசி போடுவார்கள். இவள் காபியைக் குடித்த கையோடு கொல்லைப்புறத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "இங்கயே இருக்கட்டும்" என்கிறாளே, என்ன அர்த்தம்? அங்கே வரக் கூடாது என்றுதானே?

எனக்குப் போக விருப்பமில்லை, அது வேறு. நான் மாட்டேன் என்பது ஒன்று. அவள் வேண்டாம் என்பது ஒன்று. இரண்டும் எப்படியம்மா ஒன்றாகும்?

அன்றைக்குச் சாயங்காலமே புது மாத்திரை வாங்கி வந்தாள். "அத்தை, டாக்டர் மாத்திட்டாங்க. இது ராத்திரி மாத்திரைங்க. சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் சாப்பிட்டுடுங்க. படுக்கப் போறப்ப இதைப் போடணும். வெறும் தண்ணியில மட்டும். நடுவுல எதுவும் கூடாது."

"பால்?"

"பாலும் கூடாதுங்க."

ஐம்பது வருஷமாகப் படுக்கும்போது ஒரு டம்ளர் பால் குடிக்கிறவள் நான். அதையும் பிடுங்கிவிட்டாள். "காலையில காபியாவது உண்டா, இல்ல அதுக்கும் கோயம்புத்தூர்ல உத்தரவு வாங்கணுமா?" என்று கேட்டேன். கவனித்தீர்களா, அந்தப் பதில் மட்டும் அன்றைக்கு எப்படியோ உடனே வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காபியைத் தாராளமாக் குடிங்க அத்தை. அதை யாரும் தொட மாட்டோம்" என்றாள். ஏன் கையைப் பிடிக்க வேண்டும்? காரியம் ஆக வேண்டுமென்றால் பிடிக்கத்தானே செய்வார்கள்.

அவள் ஊருக்குப் போனபின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதே பெயர். அதே கம்பெனி. நம்பர் மட்டும் சின்னது. மருந்துக் கடைக்காரனிடம் காட்டினேன். "அதே மாத்திரைதாம்மா, பவர் கம்மி" என்றான். அவனுக்கு என்ன தெரியும், அட்டையை எண்ணிக் கொடுக்கிறவன். ராத்திரி மாத்திரை வேறு, காலை மாத்திரை வேறு. டாக்டரே மாற்றியிருக்கிறார்.

மூன்று வாரத்தில் நான் ஃபேனைப் போட்டேன்.

சிரிக்காதீர்கள். அதன் அருமை உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் மத்தியானம் வியர்த்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். எழுந்து போய் சுவிட்சைத் தட்டினேன். காற்று வந்து முகத்தில் விழுந்தபோது, ரொம்ப நாள் ஊரில் இல்லாமல் வீடு திரும்பினவள்போல அப்படியே நின்றேன். அடுத்த வாரம் கோமதி குழாயடியில், "என்ன சௌந்தரம், ஆளு கொஞ்சம் வத்திட்டியே, மருமக வந்து பட்டினி போட்டாளா?" என்றாள். "நான் வத்தினதெல்லாம் உன் பக்கம் வந்து சேந்திருக்கு, பாத்துக்கோ" என்றேன். அங்கேயே. நின்ற இடத்திலேயே. குடம் பாதி நிறைவதற்குள். கோமதி கோபித்துக்கொள்ளவில்லை. "வந்துட்டியாடி!" என்று என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

மாசிக் கடைசியில் ரத்தம் எடுத்தார்கள். ஐந்தே முக்கால். பங்குனிக் கடைசியில் இன்னொரு தடவை. மூன்று புள்ளி எட்டு! டாக்டர் நசீமா, "இப்படியே இருங்கம்மா, ராத்திரியே போடுங்க, மாத்தாதீங்க" என்றார். பார்த்தீர்களா? குறைந்த பவரிலேயே இந்த வேலை செய்கிறது என்றால் எப்பேர்ப்பட்ட மாத்திரை! முதலிலேயே இதைக் கொடுத்திருந்தால் எனக்கு இந்த அவமானம் உண்டா? மாத்திரைமேல் தப்பு, என்மேல் தப்பில்லை என்று ஆதியிலிருந்து சொன்னேன். யார் கேட்டார்கள்? பிரகாசம் போனில், "ஸாரிம்மா, நீ அங்கயே இரு, நல்லா இரு" என்றான். அதற்கப்புறம் வாடகைப் பேச்சையே எடுக்கவில்லை. வீடு தப்பித்தது.

உங்கள் கவரை இப்போது கொடுங்கள். இருபத்தெட்டா? பரவாயில்லையே, நான் இதைவிட மேலே இருந்தவள். நீங்களும் காலையில்தான் போடுகிறீர்களா? என்ன சொல்கிறீர்கள், மெதுவாகச் சொல்கிறீர்கள், காதில் விழவில்லை. தண்ணீரிலா? காபியை எவ்வளவு நேரம் கழித்து? அதை விடுங்கள், உங்கள் டாக்டரிடம் ராத்திரி மாத்திரை உண்டா என்று கேளுங்கள். அவரே சொல்வார். நானாக எதையும் சொல்லக் கூடாது பாருங்கள். அது சரி, என் கதையில் நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? அவளும் இப்படித்தான் சிரித்தாள்.

ஈரோடு தாண்டிவிட்டதா?

எங்கே போகிறேன் என்று நீங்கள் கேட்கவே இல்லையே. அவள் வீட்டுக்குத்தான். பின்னே? சொல்லாமல் கொள்ளாமல் போகிறேன். வேண்டாம் என்று சொன்னவள் வீட்டு வாசலில் போய் நின்று மணியை அடிக்கப் போகிறேன். அவள் கதவைத் திறக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அவளுக்குப் பிடிக்கும் என்று கும்பகோணத்துக் காபித்தூள் அரைத்து எடுத்து வந்திருக்கிறேன். அது மரியாதைக்கு. வெறுங்கையோடு போய்ச் சண்டை போட முடியாது. திரும்பும் டிக்கெட்டும் எடுத்துவிட்டேன், வெள்ளிக்கிழமைக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் கேட்பாள் என்று நினைக்கிறேன். "அத்தை, இன்னும் பத்து நாள் இருங்களேன், இங்கயே இருந்துடுங்களேன்" என்று. அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறேன். நல்ல பதில். கூர்மையான பதில். மாட்டேன் என்பதை எப்படிச் சொன்னால் மூன்று நாளைக்குக் காதில் ஒலிக்குமோ அப்படி.

கேட்பாள் இல்லையா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது? நீங்கள் அவளைப் பார்த்ததில்லை, ஆனாலும் சொல்லுங்கள். கேட்க வேண்டும் அம்மா. அவள் கேட்டால்தானே நான் மாட்டேன் என்று சொல்ல முடியும்?